ட்ரோன் கண்ணில் ஆகாயத்தாமரை

அமேசான் படுகையிலிருந்து உலகெங்கும் பரவிய ஆகாயத்தாமரை, சூடும் சத்தும் உள்ள நீரில் இரண்டே வாரத்தில் தன் பரப்பை இரட்டிப்பாக்கிக்கொள்ளும். சிறு திட்டாக இருக்கும்போதே அள்ளினால் சில ஆட்கள் போதும். ஏரியை மூடிவிட்டால் இயந்திரங்களே திணறும். ஆனால் ஏரியின் நடுவிலும் கோரைக்குப் பின்னாலும் முளைக்கும் திட்டு, கரையில் நிற்பவர் கண்ணுக்குப் படாது.

சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் மிகச் சிறிய புள்ளியே 10 மீட்டர் அகலம். அதைவிடச் சிறிய திட்டு சுற்றியுள்ள நீரோடு கலந்து மங்கிவிடும். மழைக்காலத்தில் மேகமும் மறைக்கும். 100 மீட்டர் உயரத்தில் பறக்கும் ட்ரோனுக்குப் புள்ளி சில சென்டிமீட்டர்தான். ஒவ்வொரு இலைக்கொத்தும் தனியே தெரியும்.

ஒன்றன்மேல் ஒன்று முக்கால் பங்கு படியும்படி படங்கள் எடுக்கப்பட்டு, பொது அடையாளங்களைக் கொண்டு ஒரே வரைபடமாக இணைக்கப்படுகின்றன. சிக்கலும் அங்கேதான். வெறும் நீர்ப்பரப்பில் நிலையான அடையாளம் எதுவும் இல்லை. அலை அசைகிறது, வெயில் பளபளக்கிறது. அதனால் உச்சிவேளையைத் தவிர்ப்பது நல்லது. மிதக்கும் செடிகளைக் காற்று நகர்த்திவிடுவதால், பறத்தலை விரைவில் முடிப்பதும் வரைபடத்தை உடனே அள்ளும் குழுவிடம் கொடுப்பதும் அவசியம்.

பச்சிலை அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பியனுப்பும். நீர் அதை விழுங்கிவிடும். எனவே செடியையும் நீரையும் பிரிப்பது எளிது. அல்லி, தாமரை, ஆகாயத்தாமரை மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பதே கடினம். இங்கே விலையுயர்ந்த கேமராவைவிடப் பருவமே பெரிதும் உதவும். வட அமெரிக்கப் பேரேரிகளின் கரையில் பரவிய ஐரோப்பிய நாணல், இலையுதிர்காலத்தில் உள்ளூர்ச் செடிகள் பழுத்த பிறகும் பச்சையாகவே நிற்கும். அப்போது எடுத்த படத்தில் அது எளிதில் பிடிபடும். ஆகாயத்தாமரைக்கு ஊதா நிறப் பூக்கள் வெடிக்கும் நாட்களில் பறப்பது அப்படியொரு வழி.

படத்தில் உள்ள செடிகளை இனங்காணக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க, யாராவது நீரில் இறங்கி எந்த இடத்தில் எந்தச் செடி என்று குறித்து வந்தாக வேண்டும். அந்தக் குறிப்புகளில் ஒரு பகுதியைக் கணினிக்குக் காட்டாமல் வைத்துச் சோதிக்காத வரைபடத்தை நம்பக்கூடாது. ஓர் ஏரியில் சரியாக வந்த கணிப்பு, அடுத்த ஏரிக்கு அப்படியே பொருந்துவதில்லை.

இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளின்படி, கட்டுப்பாடு குறைந்த ‘பச்சை மண்டல’ வான்பரப்பில் 120 மீட்டர் உயரம் வரை முன்னனுமதி தேவையில்லை. ஆனாலும் பறவைகள் கூடு கட்டும் காலத்தில் பறக்கவிடாமல் இருப்பதே முறை. ஒருமுறை அள்ளியதோடு வேலை முடிவதில்லை. ஆகாயத்தாமரை விதைகள் சேற்றில் 15 ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். ஆகவே அள்ளிய சில வாரங்களில் அதே பாதையில் மீண்டும் பறந்து, இரு வரைபடங்களையும் ஒப்பிட்டு, புதிதாகத் துளிர்த்த இடங்களை முதலில் அகற்ற வேண்டும்.