சுவரை வெட்டும் முன்னே சாக்பீஸ் எடுங்கள்!

ராத்திரி ஏழரை மணி. குளியலறை பல்பு ஹோல்டருக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. டப்பென்று ஒரு சத்தம், வீடு முழுக்க இருட்டு. அந்த நேரம் பார்த்து, மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு படியில் பாதி தூரம் இறங்கியிருந்தார் பாட்டி. நல்லவேளை, அப்படியே உட்கார்ந்துவிட்டார். பேரன் செல்போன் வெளிச்சத்தோடு ஓடிவந்து கைபிடித்து இறக்கினான்.

நாற்பது வருடப் பழைய வீடு. மொத்த லைட்டும் ஃபேனும் ஒரே ஃப்யூஸ் கட்டையில். அடுத்த மாதமே வயரிங்கை முழுசாக மாற்ற முடிவெடுத்தார்கள்.

"லைட் பாயின்ட் எங்கெங்கம்மா வேணும்?" என்றார் எலெக்ட்ரீஷியன். பெரும்பாலான வீடுகளில், "பழைய இடத்துலயே போட்டுடுங்க" என்ற பதிலோடு இந்தக் கேள்வி முடிந்துவிடும். மருமகள், "ரெண்டு நாள் டைம் கொடுங்கண்ணே" என்றார். இரவில் சாக்பீஸும் கையுமாக வீட்டைச் சுற்றினார்.

அப்போதுதான் பல விஷயங்கள் கண்ணில் பட்டன. சமையலறை டியூப் லைட் முதுகுக்குப் பின்னால் இருந்ததால், இத்தனை வருடமாக அவர் நிழலிலேயே காய் நறுக்கியிருக்கிறார். படுக்கையறை ஸ்விட்ச், கதவைத் திறந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. மாடிப்படி விளக்குக்குக் கீழே மட்டும்தான் ஸ்விட்ச். மேலேயும் கீழேயும் போட்டு அணைக்க டூ-வே ஸ்விட்ச் வேண்டும். அதற்குக் கூடுதல் வயர் ஓட வேண்டும். பூசி முடித்தபிறகு கேட்டால் மறுபடி சுவரை உடைக்கணும்.

அடுத்து, எத்தனை சர்க்யூட்? லைட், ஃபேன், சின்ன பிளக் எல்லாம் சேர்த்து ஒரு சர்க்யூட்டுக்கு 10 பாயின்ட், 800 வாட்ஸ் என்பது இங்கே வெகுகாலமாக இருக்கும் கணக்கு. 60 வாட்ஸ் குண்டு பல்பு காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. இன்று 9 வாட்ஸ் எல்.இ.டி. பத்து எரிந்தாலும் 90 வாட்ஸ்தான். "அப்ப ஒரே லைன் போதுமே, எதுக்கு வீண் செலவு?" என்றார் தாத்தா. கணக்கில் தப்பில்லை. ஆனால் ஒன்று ட்ரிப் ஆனால் எது எரிந்துகொண்டிருக்கும் என்பதல்லவா கேள்வி?

அதனால் கீழ்த்தளம் ஒரு சர்க்யூட், மாடி ஒரு சர்க்யூட். படி விளக்கு மாடி லைனில். படியை ஒட்டிய ஹால் விளக்கு கீழ் லைனில். எது போனாலும் படியில் கொஞ்சமாவது வெளிச்சம் விழும். தண்ணீர் படுகிற குளியலறை, கேட், மொட்டைமாடி விளக்குகளுக்குத் தனி லைன். எல்லாவற்றுக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர், 6 ஆம்பியர் எம்.சி.பி. ஏ.சி.யும் கீஸரும் இந்தப் பக்கமே வரக்கூடாது.

பலர் கோட்டைவிடுவது இனிமேல்தான். எம்.சி.பி.யை எத்தனையாகப் பிரித்தாலும், மொத்த வீட்டுக்கும் ஒரே ஆர்.சி.சி.பி. இருந்தால், கேட் விளக்கில் மழைத்தண்ணீர் புகுந்து கரண்ட் கசிந்தாலும் வீடே இருட்டாகிவிடும். 30 மில்லி ஆம்பியரில் இரண்டாகப் போட்டார்கள். படிக்கதையை ஞாபகப்படுத்தியதும் தாத்தாவும் தலையாட்டினார்.

ஒவ்வொரு ஆர்.சி.சி.பி.க்கும் அதனதன் நியூட்ரல் தனியாகவே ஓட வேண்டும். இன்வெர்ட்டர் லைனுக்கும் அப்படித்தான். வயரை மிச்சம் பிடிக்க, ஒரு லைனில் ஃபேஸும் பக்கத்து லைனில் நியூட்ரலும் எடுக்கிற ஆட்கள் உண்டு. காரணமே தெரியாமல் ட்ரிப் ஆகும். அதைவிட மோசம், ஒரு லைனை அணைத்துவிட்டு வேலை பார்க்கிறவருக்கு அந்த நியூட்ரலில் ஷாக் அடிக்கலாம். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் வேண்டும் என்பது இதற்காகத்தான். ஸ்விட்ச் ஃபேஸைத்தான் துண்டிக்கிறதா என்பதை வேலை முடிந்ததும் அவரையே சோதித்துக் காட்டச் சொல்லலாம்.

பூசுவதற்கு முன், பைப் பதித்த சுவர்களையெல்லாம் டேப்பை விரித்துப் பிடித்துப் படம் எடுத்து வைத்தான் பேரன். நாளைக்குக் காலண்டர் ஆணி அடிக்கும்போது உதவும்.

டி.பி. பெட்டிக்குள் பேர் எழுதி ஒட்டியது பாட்டி. "கீழ்", "மாடி", "தண்ணிப் பக்கம்", "இன்வெர்ட்டர்". கடைசி இடம் மட்டும் காலி. தாத்தா கட்டப்போவதாகப் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் கார் ஷெட்டுக்காம்.