அவிழ்த்த மாட்டைப் பூட்டலாமா?

மதுரைக்கு வரும் வெளியூரார் பலர் முதலில் மிதிக்கும் மண் மாட்டுத்தாவணி. பெயரே அதன் பழங்கதையைச் சொல்லிவிடும். தாவணி என்றால் மாடுகளைக் கட்டி விலை பேசும் சந்தை. இன்று அங்கே எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம் இருக்கிறது. அருகே காய்கறிச் சந்தையும் பூச்சந்தையும் இருக்கின்றன. இரவென்றும் பகலென்றும் பாராமல் வாங்குவதும் விற்பதும் நடக்கின்றன.

ஒரு நாள் பிற்பகல் மூன்றரை மணிக்குப் பேருந்துக்குக் காத்திருந்த நாம், அப்பகுதிக் கடையொன்றில் சோப்பு வாங்க நுழைந்தோம். மூலையில் கவிழ்த்துப் போட்ட பெட்டியின்மீது அமர்ந்து, கடைப் பையன் தூக்குவாளியைத் திறந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். "தம்பி!" என்றோம். எழுந்தான், கை கழுவினான், சோப்பை எடுத்துத் தந்தான், திரும்பிப் போய் அமர்ந்தான். அதற்குள் இன்னொருவர் நுழைந்தார். மீண்டும் எழுந்தான். கல்லாவில் முதலாளி செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பேருந்தில் ஏறி அமர்ந்த பிறகே நமக்கு உறைத்தது: அந்தச் சோற்றை ஆறவைத்தவர்களில் நாமும் ஒருவர்.

இதை நண்பர்களிடம் சொன்னபோது, "வாடிக்கையாளருக்கு உதவுவது நல்ல பண்புதானே?" என்றார்கள். நல்ல பண்புதான், யார் மறுத்தார்? ஆனால் உதவி வேறு, வேலை வேறு. இடைவேளையில் இருக்கும் நடத்துநரிடம், "திருச்சி வண்டி எங்கே நிற்கும்?" என்று ஒரு மூதாட்டி கேட்டால் அவர் கைகாட்டுவது உதவி. மயங்கி விழுந்தவருக்குக் கடைப் பையன் தண்ணீர் தருவதும் உதவி. அவை மனிதனுக்கு மனிதன் செய்வன; அவற்றில் எவருக்கும் இலாபமில்லை. அலமாரியிலிருந்து சோப்பை எடுத்து விற்பது உதவியன்று, வியாபாரம். அதன் இலாபம் கல்லாவுக்குப் போகிறது. இலாபம் ஒருவருக்கும் பண்பு இன்னொருவருக்கும் என்று பங்கு பிரிப்பது எந்த ஊர் நியாயம்?

"இரண்டு நிமிடத்தில் என்ன குறைந்துவிடும்?" என்றார் இன்னொருவர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு அரை மணி நேரம் இவ்வாறு இடைவேளையிலிருந்து கரைகிறதென்று கொள்வோம். மாதம் 26 நாட்களுக்கு 13 மணி நேரம். ஆண்டுக்கு 156 மணி நேரம். எட்டு மணி நேரத்தை ஒரு வேலைநாளாகக் கொண்டால், பத்தொன்பதரை நாள்! கூலியில்லாமல் பத்தொன்பதரை நாள் உழைக்கச் சொன்னால் எவரும் சம்மதியார். இரண்டிரண்டு நிமிடமாகக் கேட்டால் மறுக்க வாயெழுவதில்லை.

"அவனே விரும்பித்தானே எழுந்து வருகிறான்?" என்பது மூன்றாவது வாதம். எல்லாவற்றினும் வலியது இதுதான். ஆனால் சட்டம் இதற்கு என்றோ விடை சொல்லிவிட்டது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், ஒரு மணி நேரமாவது ஓய்வு பெறாமல் கடை ஊழியர் எவரும் ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்குமேல் வேலை செய்யக் கூடாது என்கிறது. அவ்வாறு வேலை வாங்குவதை மட்டுமா அது தடுக்கிறது? வேலை செய்ய அனுமதிப்பதையும் தடுக்கிறது. வேலை போய்விடுமோ என்று அஞ்சுபவனுடைய விருப்பத்தில் எத்தனை பங்கு விருப்பம், எத்தனை பங்கு அச்சம் என்று அளக்கத் தராசில்லை. ஆதலால் அளக்கும் பொறுப்பையே சட்டம் எடுத்துவிட்டது. இதே சட்டம் வாடிக்கையாளரை மறந்ததுமில்லை. கடை அடைக்கும் நேரத்தில் காத்து நிற்பவருக்குக் கால் மணி நேரம் சலுகை தந்திருக்கிறது. ஓய்வு நேரத்துக்கு அப்படியொரு சலுகையை அது வைக்கவில்லை.

ஆலைத் தொழிலாளிக்குச் சங்கு ஊதியது. ஐந்து மணி நேர உழைப்புக்குள் அரை மணி ஓய்வு என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வரையறுத்தது. சங்கு ஊதினால் எந்திரமும் மனிதனைக் கூப்பிடுவதில்லை. கடைக்குச் சங்கு இல்லை. இங்கே கூப்பிடும் எந்திரம் நாம்தான். நின்றபடியே நாள் முழுதும் கால்கடுக்கும் கடை ஊழியர்களுக்கு இருக்கை வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021இல்தான் சட்டத் திருத்தம் வந்தது. இருக்கை கிடைத்தும் அதில் அமர விடாதவர்கள் நாமென்றால், அந்தத் திருத்தத்தால் பயனென்ன?

"ஓராள் வேலை செய்யும் சிறு கடையில் என்ன செய்வது?" என்பது நியாயமான கேள்வி. சிறு வணிகரின் இடர்ப்பாட்டை நாம் அறியாதவரல்லோம். அதற்கும் வழி உண்டு. இருவர் இருந்தால் மாறிமாறி உண்ணட்டும். ஒருவரே என்றால் அந்த ஒரு மணி நேரம் முதலாளியே எழுந்து பொருளை எடுத்துத் தரட்டும். சக்திக்கு மீறிய சுமையைப் பணியாளர்மீது ஏற்றக் கூடாது, ஏற்றினால் நாமும் கைகொடுக்க வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. தொழுகைக்கு நேரம் தவறாத நம் வணிகப் பெருமக்கள் இந்தப் போதனைக்கும் செய்தித்தாளை மடித்து வைக்கலாகாதா? நோன்பு மாதத்தில் மஃரிபு வேளையில் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்த பணியாளை, "அந்த அண்ணனுக்கு என்ன வேணும்னு பாரு" என்று எழுப்பும் கடைகள் நம்மவர் கடைகளிலும் இல்லையென்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

வாடிக்கையாளராகிய நமக்கும் கடமை உண்டு. அரசு அலுவலகத்தில் 'உணவு இடைவேளை' என்ற அட்டையைக் கண்டால் முணுமுணுத்தாவது காத்திருக்கிறோம். அதே பொறுமை கடை வாசலில் எங்கே போகிறது? அங்கே அட்டை இல்லை. ஆனால் பிசைந்த சோறு இருக்கிறது. அதைவிடத் தெளிவான அறிவிப்பு வேறென்ன வேண்டும்? பேருந்து புறப்படுகிறதென்றால் கல்லாவில் இருப்பவரைக் கேட்போம். இல்லையேல் அடுத்த கடைக்குப் போவோம்.

மாடு கட்டிய மண் அது. ஏரிலிருந்து அவிழ்த்து வைக்கோல் போட்ட மாட்டை, பாதித் தீனியில் மீண்டும் நுகத்தில் பூட்டும் உழவனை ஊர் பழிக்கும். அந்த மாட்டுக்குக் கிடைத்த நியாயத்தையாவது, அதே மண்ணில் தூக்குவாளியைத் திறந்து அமர்ந்திருக்கும் மனிதனுக்கு நாம் தர வேண்டாமா?