கம்பெனிக் கணக்குக்குப் பாறை கட்டுப்படுமா?

எண்ணெய்க் கம்பெனிகள் புதிய மந்திரம் ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கின்றன. கரியமில வாயுவைப் பிடித்துப் பூமிக்கடியில் புதைத்து விடுவார்களாம். அது வெளியே வராதாம். கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்தாகி விட்டதாம்!

தோழர்களே, அது என்ன கணக்கு?

1856-ம் ஆண்டில் ஹென்றி டார்சி என்ற பிரெஞ்சு எஞ்சினீயர், டிஜோன் நகரத்துக் குடிதண்ணீர் வேலைக்காக, மணல் நிரப்பிய குழாயில் தண்ணீரை விட்டு, எந்த அழுத்தத்தில் எவ்வளவு தண்ணீர் ஊடுருவுகிறது என்று அளந்து ஒரு விதி கண்டார். இன்றைய கணக்கு அந்த விதியின் மேல்தான் நிற்கிறது. பூமிக்கடியிலுள்ள மணற்பாறையை ஏராளமான கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வாயு எவ்வளவு நுழையும், அங்கேயுள்ள உப்புத் தண்ணீர் எங்கே ஒதுங்கும், அழுத்தம் எவ்வளவு ஏறும் என்று கணக்கிடுகிறார்கள். சுமார் 800 மீட்டருக்குக் கீழே இந்த வாயு நசுங்கி ஏறக்குறைய திரவம் போலாகி விடும். ஆனாலும் உப்புத் தண்ணீரைவிட லேசு; மேலே ஏறத்தான் பார்க்கும். மேலிருக்கும் களிப்பாறைதான் அதற்கு மூடி.

விஞ்ஞானத்தோடு நமக்கு விரோதமில்லை. சில துளைக் கிணறுகளில் எடுத்த பாறைத் துண்டுகளை வைத்து மைல் கணக்கான பாறையை ஊகிக்க வேண்டியிருப்பதால், அளந்து அளந்து திருத்த வேண்டும் என்பதே விஞ்ஞானிகளின் வழி. அந்த ஊகத்தைக் கம்பெனிதான் முத்திரைப் பத்திரமாக்கிக் கொள்கிறது!

நடந்ததைப் பாருங்கள். நார்வேயின் ஸ்லைப்னரில் 1996-ம் ஆண்டு முதல் கடலுக்கடியில் வாயுவைச் செலுத்துகிறார்கள். 1999-ல் அதிர்வலை கொண்டு படமெடுத்தால், இடையிலிருந்த களித் தட்டுகளையெல்லாம் தாண்டி வாயு உச்சிக்கே வந்து நிற்கிறது! மூடி தாங்கியது, கசிவு காணப்படவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அதே நார்வேயின் ஸ்னோவிட்டில் 2008-ல் தொடங்கினார்கள். எதிர்பார்த்ததைவிட வேகமாக அழுத்தம் ஏறியது. பாய்லர் முள் ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்று ஆலைத் தொழிலாளிக்குத் தெரியும். 2011-ல் அந்தப் பாறையையே கைவிட்டு வேறு பாறைக்கு மாறினார்கள். அல்ஜீரியாவின் இன் சாலாவிலோ, கிணறுகளுக்கு மேலே தரையே சில மில்லிமீட்டர் உயர்ந்ததைச் செயற்கைக்கோள் காட்டிக் கொடுத்தது. 2011-ல் அங்கே செலுத்துவதை நிறுத்தினார்கள்.

எல்லாவற்றையும் மிஞ்சியது ஆஸ்திரேலியாவின் கார்கன். பாரோ தீவில் ஷெவ்ரான் கம்பெனி நடத்தும் எரிவாயுத் திட்டம் அது. எரிவாயு விற்பனை 2016-லேயே தொடங்கி விட்டது. வாயுவைப் புதைக்கும் வேலை? 2019 ஆகஸ்டில்தான்! பாறையில் அழுத்தம் ஏறாமலிருக்க அங்கிருந்து தண்ணீரை இறைக்க வேண்டும் என்பது திட்டம். தண்ணீரோடு மணலும் வந்து அடைத்துக்கொண்டது. போர் போட்டு மணல் தள்ளிய விவசாயத் தோழர்களைக் கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பார்கள்! நிலத்தடியிலிருந்து வரும் கரியமில வாயுவில் 80 சதவீதத்தைப் புதைக்க வேண்டும் என்பது நிபந்தனை. தவறி விட்டோம் என்று 2021-ல் கம்பெனியே ஒப்புக்கொண்டது. விற்ற எரிவாயுவை வாங்கியவன் எரிக்கும்போது வரும் வாயுவோ இந்த 80 சதவீதக் கணக்கில் சேரவே சேராது.

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். ஒரு டன்கூடப் புதைப்பதற்கு முன்பே, 2009-ம் ஆண்டிலேயே, இரண்டு சர்க்கார்கள் ஜாமீன் நின்றன. வேலை முடிந்து, கிணறுகளை மூடி, காலக்கெடு கழிந்த பின் பிறருக்கு நஷ்டம் நேர்ந்தால் 80 சதவீதம் ஆஸ்திரேலிய மத்திய சர்க்கார் பொறுப்பு, 20 சதவீதம் மேற்கு ஆஸ்திரேலிய சர்க்கார் பொறுப்பு! விற்ற பணம் ஷெவ்ரான், எக்ஸான் மொபில், ஷெல் முதலிய கம்பெனிகளின் பைக்கு. பாறை ஏமாற்றினால் ஜனங்களின் வரிப்பணம்!

கணக்கு அவ்வளவு நிச்சயமானால், அதற்குக் கம்பெனியே ஜாமீன் நிற்கட்டுமே! கிணற்றின் அழுத்தம் இன்று எவ்வளவு என்று ஊரறிய எழுதி வைக்கட்டும். நஷ்டம் எப்போது வந்தாலும் தன் லாபத்திலிருந்து கொடுப்பதாகக் கையெழுத்துப் போடட்டும். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் படத்தைக் கொண்டு வந்து காட்டட்டும், உட்கார்ந்து பார்க்கலாம்.