முதலில் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ரேம் கூட்ட வேண்டுமா, எந்த ஆன்ட்டி வைரஸ் நல்லது, யு.பி.எஸ். எத்தனை நிமிடம் தாங்கும்? கம்ப்யூட்டர் வைத்திருக்கும் அறையின் ஜன்னலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பொருத்திக் கொடுப்பவன் நான். ‘திரை மங்கலாகத் தெரிகிறது’, ‘மத்தியானம் ஆனால் மெஷின் மெதுவாகி விடுகிறது’, ‘பிள்ளைக்குத் தலை வலிக்கிறது’ என்று என்னிடம் வரும் புகார்களில் பலவற்றுக்குக் காரணம் பெட்டிக்குள் இருப்பதில்லை. அது சுவரில், நாலடிக்கு நாலடி ஓட்டையாக இருக்கிறது.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். மாலை நாலு மணி வாக்கில் மானிட்டரை அணைத்துவிட்டு, வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கறுப்புத் திரையைப் பாருங்கள். உங்கள் சட்டை நிறமும் பின்னால் இருக்கும் ஜன்னல் கம்பிகளும் அதில் தெரிகின்றனவா? மானிட்டரைப் போட்ட பிறகும் அந்தப் பிம்பம் எங்கும் போய்விடாது. எழுத்துக்குக் கீழே அது இருந்துகொண்டேதான் இருக்கும். உங்கள் கண் அதைத் தாண்டி எழுத்தைத் தேடிப் படிக்கிறது. கண் எரிச்சலுக்கு இது ஒரு முக்கியக் காரணம். டார்க் மோட் போட்டால் கண்ணுக்கு நல்லது என்று யாராவது சொல்லியிருந்தால், வெளிச்சமான அறையில் அது தலைகீழாக வேலை செய்யும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பின்னணி கறுப்பாக இருந்தால் பிரதிபலிப்பு இன்னும் பளிச்சென்று தெரியும். பகலில் வெள்ளைப் பின்னணியே மேல்.

இதற்கு முதல் வைத்தியத்துக்குக் காசே வேண்டாம். மேஜையைத் திருப்புங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் கூசும். மானிட்டருக்குப் பின்னால் இருந்தால் வெளிச்சம் நேராகக் கண்ணில் அடிக்கும். ஜன்னல் உங்கள் இடப்பக்கமோ வலப்பக்கமோ வரும்படி உட்கார்ந்தால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. பிளக் பாயின்ட் அந்தச் சுவரில்தான் இருக்கிறது என்பார்கள். ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் விலை, பிளைண்ட்ஸுக்குச் செலவாகும் பணத்தில் சிறு பங்குதான்.

மேஜையைத் திருப்பிய பிறகும் வெயில் உள்ளே வருகிறது என்றால்தான் மறைப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். இங்கேதான் பணம் வீணாகிறது. கடைக்குப் போய் ‘கம்ப்யூட்டர் ரூமுக்கு’ என்று சொன்னதுமே பட்டை பட்டையாகத் தொங்கும் வெர்டிகல் பிளைண்ட்ஸைக் காட்டுவார்கள். பேங்க்கிலும் ஆபீஸிலும் பார்த்துப் பழகியதால் நமக்கும் அதுதான் கம்ப்யூட்டருக்கு ஏற்றது என்று தோன்றிவிடுகிறது. ஆபீஸில் ஏ.சி. ஓடுகிறது, ஜன்னலைத் திறப்பதே இல்லை. நம் வீட்டில் காற்றுக்காக ஜன்னலைத் திறந்து வைக்கிறோம். ஆடிக் காற்றில் அந்தப் பட்டைகள் ஒன்றோடொன்று சிக்கித் தடதடவென்று அடித்துக்கொள்வதைக் கேட்டுக்கொண்டு யாரும் படிக்க முடியாது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்த் தனி வீடுகளில் கம்ப்யூட்டர் அறைக்கு மறைப்புப் போடுவதாக இருந்தால், முதல் மறைப்பு ஜன்னலுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். உள்ளே போடுவது இரண்டாவது வேலை. கண்ணாடி வழியே உள்ளே வந்துவிட்ட வெயிலை உள்பக்க பிளைண்ட்ஸ் தடுத்தாலும், அந்தச் சூட்டில் பெரும்பகுதி அறைக்குள்தான் தங்கும். பிளைண்ட்ஸ் தானே சூடாகி அறையைச் சுட வைக்கும். அந்த வெப்பம் கண்ணாடி வழியே சுலபமாகத் திரும்பிப் போகாது. வெளியில் நிற்கும் காரின் உள்ளே கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறதே, அதே கதைதான். வெளியே கட்டிய தட்டி சூடானால் அந்தச் சூட்டைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும்.

சூட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். பல லேப்டாப்களின் கையேட்டில் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள அறையில் பயன்படுத்தலாம் என்றுதான் போட்டிருப்பார்கள். சித்திரை, வைகாசியில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள மேற்குப் பார்த்த அறை இந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டும். அப்போது பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மத்தியானம் மெஷின் மெதுவாகிறது என்ற புகாருக்குப் பல நேரம் இதுதான் பதில். அதற்காக ரேம் வாங்கிப் போட்டுப் பயனில்லை.

எந்தத் திசை ஜன்னலுக்கு மறைப்பு வேண்டும் என்பதிலும் நம் ஊருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. இராஜபாளையம் ஏறத்தாழ ஒன்பதரை டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. அதனால் சித்திரைப் பிறப்பு வாக்கில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, பிறகு ஆகஸ்ட் கடைசி வரை வடக்கே சாய்ந்து நிற்கும். வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று வெளியூர்ப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். நமக்கு அது முழுக்கப் பொருந்தாது. ஆனாலும் வடக்கு, தெற்கு ஜன்னல்களுக்கு உச்சி வெயிலை சன்ஷேடே பெரும்பாலும் தடுத்துவிடும். தொல்லை கிழக்கிலும் மேற்கிலும்தான். சித்திரை மாதத்தில் மாலை நாலு மணிக்கு இரண்டடி சன்ஷேட் மேற்கு ஜன்னலுக்கு ஏறத்தாழ ஒன்றரை அடி நிழல்தான் தரும். நாலடி உயர ஜன்னலில் மிச்சம் இரண்டரை அடியும் வெயில்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு நிமிடமும் நிழல் குறையும். மேற்கே மலை இருப்பதால் கடைசிக் கொஞ்ச நேரம் சூரியன் சீக்கிரமே மறைந்து நமக்குச் சகாயம் செய்கிறது. மலையடிவாரம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்தச் சகாயம் கூடுதல்.

சரி, வெளியே எதைக் கட்டுவது? என் முதல் சிபாரிசு மூங்கில் தட்டி. சுருட்டி ஏற்றி இறக்கும்படி கயிறு வைத்துக் கிடைக்கும். சன்ஷேடின் விளிம்பில் இரண்டு கொக்கி அடித்து அதில் தொங்க விடுங்கள். சுவரை ஒட்டிக் கட்டினால் வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல் கதவு இடிக்கும். கீழ் முனையை இரண்டு பக்கமும் கயிற்றால் இழுத்துக் கட்டாவிட்டால் ஆனி, ஆடியில் அது சுவரில் மோதியே உடைந்துவிடும். மழைக்காலத்தில் நனைந்தபடி சுருட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும். தீபாவளிக்கு நாலு நாள் முன்பே கழற்றி வைத்துவிடுங்கள். பக்கத்தில் சிவகாசியை வைத்துக்கொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது.

அதைவிட மலிவானது ஷேட் நெட் என்கிற நிழல் வலை. நர்சரிகளில் செடிகளுக்கு மேல் கட்டுவார்களே, அதுதான். விவசாயப் பொருள் விற்கும் கடைகளில் 50 சதவீதம், 75 சதவீதம், 90 சதவீதம் என்று நிழல் அளவு சொல்லி விற்பார்கள். எண் கூடக் கூட நிழல் அதிகம், காற்று குறைவு. ஜன்னலுக்கு 75 போதும். 90 போட்டால் பகலிலேயே லைட் போட வேண்டியிருக்கும். பச்சை வலை அறைக்குள் பச்சைச் சாயலைப் பரப்பும். போட்டோ, டிசைன் வேலை செய்பவர்கள் கறுப்போ வெள்ளையோ வாங்க வேண்டும். பார்க்க அழகாக இருக்காது என்பது உண்மை. வீட்டில் இதற்கு எதிர்ப்பு வரும், சமாளித்துக்கொள்ளுங்கள்.

வெட்டிவேர் தட்டியைப் பற்றியும் கேட்கிறார்கள். தண்ணீர் தெளித்தால் குளிர்ச்சியும் வாசனையும் வரும், மறுக்கவில்லை. ஆனால் மின்சாரத்தில் ஓடும் பொருளுக்குப் பக்கத்தில் தண்ணீர் சொட்டும் தட்டி வேண்டாம். அது ஹாலில் இருக்கட்டும்.

உள்பக்கத்துக்குத் துணியே போதும். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா இராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்து பஞ்சும் நூலும் இந்த ஊரின் பிழைப்பு. பக்கத்தில் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி ஊர் ஊராகப் போகிறது. பருத்தியின் நடுவே உட்கார்ந்துகொண்டு, பிளாஸ்டிக் பட்டைக்குச் சதுர அடிக் கணக்கில் பணம் கொடுப்பது எனக்கு உறுத்துகிறது. காடாத் துணி அல்லது வெளிர் நிறப் பருத்தித் துணி வாங்கி, ஒரு முறை நனைத்துக் காயப்போட்டுச் சுருங்க விட்டு, பிறகு தைக்கக் கொடுங்கள். ஜன்னல் அகலத்தைப் போல ஒன்றரை மடங்காவது துணி இருந்தால்தான் மடிப்பு விழும். ஸ்பிரிங் கம்பியும் இரண்டு கொக்கியும் போதும். வெளிர் நிறத் துணி வெயிலை மறைத்து, வெளிச்சத்தை அறை முழுக்கப் பரப்பிக் கொடுக்கும். கம்ப்யூட்டருக்கு வேண்டியது அதுதான், இருட்டல்ல. கோ-ஆப்டெக்ஸ் கடைகளிலும் ஸ்கிரீன் துணி கிடைக்கும். பண்டிகைத் தள்ளுபடி நேரம் பார்த்து வாங்கினால் இன்னும் மிச்சம்.

சிலர் கண்ணாடியில் பழைய நியூஸ் பேப்பரை ஒட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். காற்றும் போச்சு, பகல் வெளிச்சமும் போச்சு. இருட்டு அறையில் பளீரென்ற திரையைப் பார்ப்பது கூசும் திரையைப் பார்ப்பதைப் போலவே கண்ணுக்குச் சிரமம்.

பிளைண்ட்ஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாடி வீட்டில், வாடகை வீட்டில் வெளியே கொக்கி அடிக்க வழியில்லாதவர்கள் வேறென்ன செய்வார்கள்? அப்படியானால் சுருட்டி ஏற்றும் ரோலர் பிளைண்ட்ஸ் வாங்குங்கள். வெளியைப் பார்க்கும் பக்கம் வெள்ளையாக இருக்கட்டும். குறுக்குப் பட்டைகள் கொண்ட வெனிஷியன் பிளைண்ட்ஸில் ஒரு நல்ல குணம் உண்டு. பட்டைகளை மேல்நோக்கிச் சாய்த்தால் வெளிச்சம் சீலிங்கில் பட்டு மெதுவாக இறங்கும், காற்றும் வரும். ஆனால் ஒரு அங்குலப் பட்டை என்றால் நாலடி ஜன்னலுக்கு ஐம்பதுக்குக் குறையாமல் பட்டைகள் இருக்கும். தறி ஓடும் தெருவில் குடியிருந்தால் ஒவ்வொன்றிலும் பஞ்சுத் தூசி படியும். அதே பஞ்சுதான் லேப்டாப் ஃபேனையும் அடைக்கிறது. வாரா வாரம் துடைக்கத் தெம்பிருந்தால் வாங்குங்கள்.

விலை கேட்கும்போது சதுர அடிக்கு என்ன என்று மட்டும் கேட்டால் போதாது. குறைந்தபட்சம் இத்தனை சதுர அடிக்குக் காசு என்று சில கடைகளில் வைத்திருப்பார்கள். மூன்றடிக்கு மூன்றடி ஜன்னல் 9 சதுர அடிதான். கடையில் குறைந்தது 15 என்று கணக்கிட்டால், சதுர அடிக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 900 கொடுக்க வேண்டிய இடத்தில் 1,500 கொடுப்பீர்கள். பொருத்துக் கூலி தனியா, சங்கிலி அறுந்தால் மாற்றித் தருவார்களா என்பதையும் முதலிலேயே கேளுங்கள். ஆன்லைனில் வாங்கினால் ஜன்னலை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். நம் ஊர்க் கொத்து வேலையில் மூன்றும் ஒன்றாக இருப்பது அபூர்வம். சட்டத்துக்குள் பொருத்துவதாக இருந்தால் மிகக் குறைந்த அளவையே கொடுங்கள்.

இரண்டு விஷயங்களில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். 1996-ல் அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், இறக்குமதியான சிலவகை பிளாஸ்டிக் மினி பிளைண்ட்ஸில் ஈயம் கலந்திருப்பதாகவும், வெயில் பட்டுப் பட்டு அது தூசியாக வெளியே வருவதாகவும் எச்சரித்தது. பெயர் ஊர் தெரியாத பி.வி.சி. பட்டையைக் கைக்குழந்தை இருக்கும் அறையில் மாட்ட நான் சம்மதிக்க மாட்டேன். இன்னொன்று அந்தத் தொங்கும் கயிறும் சங்கிலியும். சிறு குழந்தையின் கழுத்தில் வளையமாக மாட்டி உயிரே போகும். அங்கே பல குழந்தைகள் இப்படி இறந்த பிறகு, 2018-ல் வந்த புதிய தர விதி, கடையில் ரெடிமேடாக விற்கும் பிளைண்ட்ஸில் கயிறே இல்லாமலோ கைக்கு எட்டாமலோ இருக்க வேண்டும் என்றது. நம் ஊரில் சங்கிலி வைத்தவை சாதாரணமாகக் கிடைக்கின்றன. வாங்கினால் சங்கிலியைச் சுவரில் இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பையும் கேட்டு வாங்கி, அப்போதே திருகி மாட்டச் சொல்லுங்கள். ஜன்னலை ஒட்டிக் கட்டிலோ தொட்டிலோ போடாதீர்கள். மூங்கில் தட்டியின் கயிற்றுக்கும் இதே விதிதான்.

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கிய பிறகு, எத்தனையோ வீடுகளுக்குள் முதல் கம்ப்யூட்டர் அப்படித்தான் நுழைந்தது. தளவாய்புரம் பக்கம் அப்படி ஒரு வீடு எனக்குத் தெரியும். அம்மா வீட்டிலேயே நைட்டி தைப்பவர். இருந்த ஒரே அறையில் மேற்கு ஜன்னல் ஓரம் தையல் மிஷின், அதற்குப் பக்கத்தில் லேப்டாப். மாலை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வெயில் தாழும் வரை அந்தப் பெண் அதைத் தொடுவதில்லை. இருட்டிய பிறகு அம்மாவுக்கு அடுப்படி வேலையில் அவள் உதவி வேண்டும். படிப்புக்கு மிஞ்சியது எவ்வளவு நேரம் என்று பாருங்கள். நிழல் வலையை மூன்றாக மடித்துக் கட்டிக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். மடிக்க வேண்டாம், ஒரே மடிப்பில் ஓரம் தைத்து வளையம் வைத்துத் தருகிறேன் என்று அந்த அம்மாவே தைத்துவிட்டார். ஊசி நூல் வேலையில் அவருக்கு நான் யோசனை சொல்ல முடியுமா? இப்போது மேற்கு ஜன்னல் திறந்தே இருக்கிறது. நாலரை மணிக்கே லேப்டாப் ஓடுகிறது.