வயலில் வில் எடுக்கலாமா?

செஞ்சிப் பக்கம் மண்டகப்பட்டு என்றால், மகேந்திரவர்மன் குடைந்த குகைக் கோவில் நினைவுக்கு வரும். அதைச் சுற்றிய கிராமங்களில் நெல், மணிலா, கரும்பு விளைகின்றன.

விளைச்சலில் பங்கு கேட்டு எலி வருகிறது. முயல் வருகிறது. காட்டுப் பன்றியும் வருகிறது.

"என் வயல், என் பயிர். வில்லால் அடித்தால் என்ன?" என்று விவசாயி கேட்கலாம்.

முயலையும் பன்றியையும் அடிக்கக்கூடாது!

1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பட்டா நிலத்துக்கும் பொருந்தும். துப்பாக்கியோ, வில்லோ, குற்றம் ஒன்றுதான். முயலைக் கொன்றால் 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும்.

பன்றிக்கு என்ன வழி?

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக் காட்டில் இருந்து 3 கிலோ மீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுடக்கூடாது.

எலியைக் கொல்லத் தடை இல்லை. ஆனால் வளைக்குள் பதுங்கிய எலியை அம்பு என்ன செய்யும்?

விஷம் வைத்தால், அந்த எலியைத் தின்னும் ஆந்தையும் சாகும். ஆந்தை குறைந்தால் எலி பெருகும்.

இருளர்களுக்கு வேறு வழி தெரியும். வளையின் வாய்களை அடைப்பார்கள். பானையில் புகை மூட்டி, உள்ளே ஊதுவார்கள். மயங்கிய எலிகளைத் தோண்டி எடுப்பார்கள். எலி பதுக்கிய நெல்லும் வெளியே வரும்.

"அந்த நெல்லே போதுமே, கூலி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம்.

அது நியாயமா? புகை கண்ணைக் கரிக்கிறது. வளைக்குள் பாம்பும் இருக்கலாம். வேட்டைத் தடையால் இருளர்களும் பழைய பிழைப்பை இழந்தவர்களே.

வில்லை வைத்துவிடுங்கள். எலி பிடிப்பவருக்கு முழுக் கூலி கொடுங்கள். பயிரும் பிழைக்கும், அவர் குடும்பமும் பிழைக்கும்.