‘இல்லை’ எண்டு சொல்ல முதல்

ஒரு கோப்பில ஒரு சொல் எத்தனை இடத்தில வருது எண்டு ஜாவாஸ்கிரிப்டில தேடுறது, படிக்கத் தொடங்கின முதல் மாதத்துப் பாடம். கோப்பை யூடிஎஃப்-8 ஆக வாசி, மேட்ச்ஆல் போடு, வந்ததை எண்ணு, முடிஞ்சுது. ஆங்கில உதாரணத்தோட படிச்சு, ஆங்கில உதாரணத்தோடயே சோதிச்சு, “வேலை செய்யுது” எண்டு எழும்பிப் போறம். இந்தப் பழக்கத்தோடதான் எனக்குச் சண்டை. தமிழ்க் கோப்பைக் குடுத்தால் அதே நிரல் பிழைச்செய்தி ஒண்டும் காட்டாமல் பொய் சொல்லும்.

வன்னியின்ர மூண்டு ஊர்ப்பேரை மட்டும் வைச்சுப் பாருங்கோ.

கிளிநொச்சி. இதில வாற ‘நொ’வை யூனிகோட்டில இரண்டு விதமா எழுதலாம்: ந-வுக்குப் பிறகு ஒரே குறி, அல்லது கொம்பும் காலும் தனித்தனியா இரண்டு குறி. திரையில இரண்டும் ஒண்டுதான். ஜாவாஸ்கிரிப்டுக்கு இரண்டும் வேற வேற சொல். எந்த விசைப்பலகையில தட்டினது, எந்த எழுத்துரு மாற்றியால வந்தது எண்டதைப் பொறுத்துக் கோப்பில இருக்கிறது மாறும். கொக்குத்தொடுவாயில இப்படி இரண்டு எழுத்து. ஆக நாலு வடிவம். இதுக்கு மருந்து 2015 இலேயே வந்திட்டுது: நார்மலைஸ் எண்ட ஒரு கட்டளை. கோப்பையும் தேடுசொல்லையும் அதுக்குள்ளால விட்டு எடுத்தால் சரி. ஆனால் ‘ௌ’ குறிக்குப் பதிலா ஆரோ கொம்பும் ‘ள’வும் தட்டியிருந்தால் அதுவும் காப்பாற்றாது. கண்ணை மூடிக்கொண்டு மாத்தவும் ஏலாது, ‘தெளிவு’ குழம்பிப்போகும்.

முல்லைத்தீவு. முல்லைத்தீவில், முல்லைத்தீவைச் சேர்ந்த எண்டு வசனத்துக்குள்ள வந்தவுடன கடைசி ‘வு’ இல்லாமல் போயிடும். முழுப்பேரைத் தேடினால் இதுகள் அகப்படாது. கடைசி உகரத்தை வெட்டிப்போட்டு ‘முல்லைத்தீவ’ வரைக்கும் தேடவேணும்.

வவுனியா. முழுச்சொல்லா மட்டும் தேட, ரெகுலர் எக்ஸ்பிரஷனில ‘பி’ எண்ட சொல்லெல்லைக் குறியைப் போடச் சொல்லித் தருவினம். அந்தக் குறிக்கு எழுத்து எண்டால் ஆங்கில எழுத்து, இலக்கம், அடிக்கோடு மட்டுந்தான். தமிழ் எழுத்து ஒண்டும் அதுக்கு எழுத்தில்லை. இரண்டு பக்கமும் இடைவெளியோட ‘வவுனியா’ தனியா நிண்டாலும் விடை பூச்சியம்.

இதுக்கும் மேல பாமினி இருக்கு. அந்த எழுத்துருவில தட்டின பழைய கோப்புக்குள்ள உண்மையில கிடக்கிறது ஆங்கில எழுத்துகள். முதல் யூனிகோட்டுக்கு மாத்தாமல் அதில தமிழைத் தேடுறது வெறும் வேலை.

“சின்னப் பிழைதானே” எண்டு சொல்லாதையுங்கோ. 2017 பெப்ரவரியில காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கிளிநொச்சியில தொடர் போராட்டத்தைத் தொடங்கினவை. “எங்கட பிள்ளையள் எங்க?” எண்டதுதான் அவையின்ர கேள்வி. கொக்குத்தொடுவாயில 2023 யூனில் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டின இடத்தில மனித எச்சங்கள் வெளிவந்தன. மனு, சாட்சியம், பத்திரிகைச் செய்தி எண்டு தமிழில எழுதினதுகளையெல்லாம் கோப்பாக்கித் தேடித் தரப்போறது எங்கட தலைமுறைதான். ‘யோ’விலயும் ‘கோ’விலயும் தொடங்கிற பேர் எங்களுக்குள்ள எத்தனை? அந்த எழுத்துகளுக்கும் இரண்டு வடிவம் இருக்கு. ஒரு தாய்க்கு முன்னால உங்கட திரை பூச்சியம் காட்டினால், அவ அதைக் கணினி சொன்ன உண்மையெண்டுதான் எடுப்பா.

“அப்ப எல்லாத்தையும் ஆங்கிலத்தில வைச்சிருப்பம்” எண்டு ஒரு கெட்டித்தனம் சொல்லுவினம். முல்லைத்தீவையே ஆங்கிலத்தில ஒரு ‘எல்’லோடயும் எழுதுகினம், இரண்டு ‘எல்’லோடயும் எழுதுகினம். பேருகளின்ர நிலைமையைக் கேக்கவே வேண்டாம். ஓட்டையை மொழி மாத்தி மூட ஏலாது.

நான் கேக்கிறது பெரிய விசயம் இல்லை. தேடுற நிரல் எழுதினால் இந்த மூண்டு ஊர்ப்பேரோட, இரண்டு வடிவத்திலயும், வேற்றுமை உருபோடயும் சோதியுங்கோ. வரி வரியாத் தேடி, மூலக்கோப்பின்ர வரி எண்ணையும் சேர்த்துக் காட்டுங்கோ. பார்க்கிற ஆள் தானே போய்ச் சரிபார்க்கலாம். ஒண்டும் அகப்படாட்டி ‘இல்லை’ எண்டு போடாதையுங்கோ. எந்தெந்த வடிவத்தில தேடினது எண்டதைப் போடுங்கோ. அதை எழுத இன்னும் நாலு வரி நிரல் போதும்.