பலூன் ஏன் எழுகிறது?

2015இல் தொடங்கிய பொள்ளாச்சிப் பன்னாட்டு பலூன் விழா, பொங்கலையொட்டி நிகழ்வது. அல்சூரிலிருந்து பொங்கலுக்கு ஊர் திரும்பும் தமிழ்க் குடும்பங்கள் குழந்தைகளோடு காணத்தக்கது. அங்கே, “பலூன் ஏன் மேலே போகிறது?” என்று குழந்தை கேட்கும். சூடேறிய காற்று விரிந்து அடர்த்தி குறைகிறது. சுற்றியுள்ள குளிர்ந்த காற்று அதனை மேலே தள்ளுகிறது. திருப்புவதற்குச் சுக்கான் இல்லை. உயரத்தை மாற்றி, வேண்டிய திசையில் வீசும் காற்றை ஓட்டுநர் தேடுகிறார். இவ்வளவையும் எளிய தமிழில் சொல்லிவிடலாம். ஆயினும் பல வீடுகளில் சோற்றுக்கும் கொஞ்சலுக்கும் தமிழ், விளக்கத்திற்கு ஆங்கிலம்.

புலம்பெயர்ந்தோர் மொழி தேய்வது பிறமொழிச் சொற்கள் கலப்பதால் மட்டும் அன்று. ‘பலூன்’ பலூனாகவே இருக்கட்டும். ‘ஏன்’ என்ற வினாவுக்கு விடையளிக்கும் பணியை இழக்கும்போதே அது தேயத் தொடங்குகிறது. பள்ளியைக் குறைகூறுமுன், பெற்றோர் அந்த விடையைத் தமிழில் சொல்லட்டும்.